கூறைச்சேலையின் மறுமுனை

மயக்க மருந்து கொடுப்பவளுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. கண் விழித்ததும் கத்தி பிடித்த டாக்டர் எங்கே என்றுதான் தேடுவார்கள். தூங்கவைத்தது நான், மூச்சுக்குக் காவல் இருந்தது நான், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டதும் நான். ஸ்வீட் பாக்ஸ் மட்டும் அவருக்குப் போகும். இதைப் பல வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போதுமடா சாமி என்று மனநலப் பிரிவுக்கு மாறிக்கொண்டேன். என் பெயர் ஜெசிந்தா. ஊர் தூத்துக்குடி, பிழைப்பு கோயம்புத்தூர். வாய் கொஞ்சம் நீளம் என்று இரண்டு ஊரிலும் பெயர் எடுத்தவள்.

அங்கேயும் என் கையில் இருந்தது பழைய கெட்டமின்தான். அறுவை அறைகளில் காலங்காலமாகப் புழங்கும் மருந்து. அளவைக் குறைத்து நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால், எந்த மாத்திரைக்கும் அசையாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த சிலர் அன்று மாலையே எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். ஆனால் அந்த வெளிச்சம் நிற்பதில்லை. சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஒரு மாதம். பிறகு பழைய இருட்டுக்கே திரும்பிப் போவார்கள். ஒருமுறை வெளியே வந்துவிட்டுத் திரும்பிப் போவது முன்பைவிடக் கொடுமை என்று அவர்களே சொல்லி அழுவதைக் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பதிலாகத்தான் துணைச்சொட்டு வந்தது. நோயாளிக்குப் பக்கத்துக் கட்டிலில் மனத்திடமுள்ள இன்னொருவரைப் படுக்கவைத்து அவருக்கும் அதே சொட்டை ஏற்றுவது. இருவர் தலையிலும் ஒரு தொப்பி, நடுவில் ஒரு பெட்டி. திடமானவரின் மூளைத் தாளத்தை நோயாளியின் மூளை பிடித்துக்கொண்டு நடக்கப் பழகும். இப்படிக் கிடைத்த வெளிச்சம் வருஷக்கணக்கில் நின்றது. ஊரே கொண்டாடியது.

விலை என்ன என்று பிறகுதான் தெரிந்தது. துணையாகப் படுத்தவருக்குச் சில வாரம் சோறு ருசிக்காது, காரணமில்லாமல் அழுகை வரும். நோயாளியின் சுமையில் ஒரு பங்கு அவர் தலையில் ஏறிவிடும். வசதியானவர்கள் வேலைக்காரர்களைக் கூட்டிவந்து படுக்கவைத்தார்கள். கூலித் துணை கூடாது, ரத்த உறவோ கல்யாண உறவோதான் என்று சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் என்ன ஆயிற்று? வீட்டுக்கு வீடு மருமகளையும் கல்யாணமாகாத அக்காளையும் அனுப்பிவைத்தார்கள். யார் கொஞ்ச நாள் அழுதால் வீட்டு வேலை நிற்காதோ அவளைப் பார்த்துப் பொறுக்கினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே தோசை சுட்டுப்போடுவாள் என்று அவர்களுக்குத் தெரியும். கூட்டிவரும் ஆம்பளைகளை வாசலிலேயே நிறுத்தி நான் கேட்ட கேள்விகளுக்காக என் மேல் புகார்கூடப் போயிருக்கிறது.

அதனால்தான் நவநீதன் தானாகவே வந்து, "நான் படுத்துக்கறனுங்க" என்றபோது அவனை ஏற இறங்கப் பார்த்தேன்.

காங்கேயத்தில் டவுன் பஸ் ஓட்டுகிறவன். தங்கை கோகிலவாணிக்குத்தான் நோய். மூன்று வருஷமாகப் படுக்கை. அப்பா அம்மா இல்லை. நவநீதனின் மனைவி இந்துமதி போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். காலையில் தங்கைக்குச் சோறாக்கி வைத்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்கப் போவான், இடையில் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போவான். கோகிலா இரண்டு முறை உயிரை விடப் பார்த்து, இரண்டு முறையும் அவன்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். சாதாரணச் சொட்டு அவளுக்குப் பலித்தது, நிற்கவில்லை. துணைச்சொட்டுக்குச் சித்தியைக் கூட்டிவந்தார்கள், வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தி மகள் வந்தாள், அதற்கும் மாட்டேன். கடைசியில் அண்ணன் பெயரைச் சொன்னதும், "சரி" என்றாள். எங்கள் மனநல டாக்டருக்கு ஒரே சந்தோஷம். மூன்று வருஷத்தில் அவளாக எதற்காவது சரி என்றது அதுதான் முதல் தடவை.

நவநீதனைச் சோதித்த மெஷினும் டாக்டரும் அவனுக்கு முழு மார்க் போட்டார்கள். போடாமல் எப்படி இருப்பார்கள்? அந்த ஆள் வாயைத் திறந்தால் வார்டே சிரிக்கும். பொண்டாட்டி செத்த மூன்றாம் நாள் பஸ் எடுக்கப் போனவன், கல்லு மாதிரி மனசு என்று அவன் டெப்போவில் எல்லோரும் சொன்னார்களாம்.

சொட்டு ஏற்றும் நாளன்று வழக்கப்படி அவனுக்கு விளக்கம் சொல்லப் போனேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, என்ர மண்டைக்குள்ள இருக்கறது பூரா தங்கச்சி அம்மிணிக்குத் தெரிஞ்சு போயிருமுங்களா? நான் ஆட்டோக்காரனைத் திட்டறதெல்லாம் கேட்டுப்போட்டா என்ர மானம் போயிரும்" என்றான்.

"நெனப்பு எதுவும் போகாது அண்ணாச்சி. தாளம் மட்டும்தான் போகும். சின்னப் பிள்ளையை நெஞ்சுல போட்டுத் தட்டினா அது நம்ம மூச்சுக்கு மூச்சு விடப் பழகுதுல்லா, அந்த மாதிரி. மருந்து உள்ள போனதும் மனசுக் கதவு லேசாத் திறக்கும். அந்த நேரத்துல அவங்க உங்களைப் பிடிச்சிட்டு நடப்பாங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"திரையில ரெண்டு கோடு ஓடும். நீலம் நீங்க, மஞ்சள் தங்கச்சி. நீலம் முன்னால போகணும், மஞ்சள் பின்னால வரணும். எப்பவாவது மஞ்சள் முன்னால போச்சுன்னா நான் நிறுத்திருவேன். நோயாளி போற பக்கம் உங்களை விட முடியாது. வடக்க ஓர் ஊர்ல அப்படி விட்டுட்டு, துணைக்கு வந்த பொண்ணு கடைசி வரைக்கும் எழுந்திரிக்கவே இல்ல."

அவன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். பிறகு சிரித்தபடியே சொன்னான். "என்கிட்ட இருக்கறதைப் பூராவும் எடுத்து அம்மிணிக்குக் குடுத்துப்போடுங்க. எனக்கு மிச்சம் வெக்கோணும்னு இல்லீங்க."

பாசக்கார அண்ணன் பேச்சு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். கேட்கவே நெஞ்சு நிறைந்திருந்தது.

கோகிலாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலை வாரிப் பல நாள் ஆகியிருக்கும். கண்ணில் பார்வை இருந்தது, பார்ப்பது என்பது இல்லை. மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நர்ஸ் சுகிர்தா அதை வாங்கப் போனபோது கொடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு பட்டுச்சேலையை உருவி எடுத்தாள். அரக்குச் சிவப்பு, கரையில் மட்டும் ஜரிகை. அதைப் பார்த்ததும் நவநீதனின் சிரிப்பு நின்றுபோனது.

"இது எங்கண்ணன் கல்யாணத்துக் கூறைச்சேலைங்க. ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல இது இருக்கோணும். இல்லாட்டி எனக்கு ஊசி வேண்டாங்க" என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் வயரைத் தவிர ஒரு நூல்கூடப் போகக் கூடாது என்பது அறையின் விதி. இதென்ன ஆஸ்பத்திரியா, கல்யாண மண்டபமா என்று சத்தம் போட்டேன். அவள் வாதாடவில்லை. சேலையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பச் சொன்னாள். அந்த நிதானம்தான் என்னை நிறுத்தியது.

சுகிர்தா ஈரோட்டுப் பெண். என்னைத் தனியாக இழுத்துப்போய் விளக்கினாள். இவர்கள் பக்கம் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டாம். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை பக்கத்தில் அவன் தங்கையை வைத்து, கூறைச்சேலையின் ஒரு முனையை அவனிடமும் மறுமுனையை அவளிடமும் கொடுத்துச் செய்கிற சீர். நாளைக்குப் பொண்டாட்டி பிள்ளை என்று ஆனாலும் கூடப் பிறந்தவளைக் கைவிட மாட்டான் என்பதற்கு ஊர் சாட்சி. அதே சேலை பிறகு கல்யாணப் பெண்ணுக்குப் போகும். அப்படியென்றால் அது இறந்துபோன இந்துமதியின் சேலை. இதைக் கேட்டபிறகு மாட்டேன் என்று சொல்ல நான் என்ன கல்லா? துணியில் மின்சாரம் ஓடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சரி, கட்டித் தொலையுங்கள் என்றேன்.

கோகிலாவே எழுந்து நின்று கட்டினாள். மூன்று வருஷம் சீப்பைக்கூடத் தூக்காத கை. அண்ணன் மணிக்கட்டில் சேலையின் ஒரு முனையை இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். மறுமுனையை வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தாள். தன் பக்கம் கட்டிக்கொள்ளவில்லை. சரி, தெம்பில்லை போல என்று விட்டுவிட்டேன்.

சொட்டு ஏற்றும் பம்புகளை ஓட விட்டேன். முதலில் எல்லாம் வழக்கம் போலத்தான். இருவர் கண்ணும் செருகியது. நீலக் கோடு நிதானமாக ஏறி இறங்கியது. மஞ்சள் தட்டுத் தடுமாறி அதன் பின்னாலேயே வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கவலையில்லை. நான் நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நீலக் கோடு சரியத் தொடங்கியது.

துணையாக வந்தவர்கள் பயந்து பார்த்திருக்கிறேன், அழுது பார்த்திருக்கிறேன். கோடு துள்ளும், குதிக்கும். இது அப்படியில்லை. சத்தமில்லாமல் தணிந்து தணிந்து, கடைசியில் அசைவே இல்லாததுபோல் தட்டையாகிவிட்டது. அந்தக் கோடு எனக்கு நன்றாகப் பழக்கம். வருஷக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர்களின் கோடு அது. என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை, வயரை மாற்றிச் சொருகிவிட்டோமா என்று எழுந்துபோய்ப் பார்த்தேன். வயரெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வார்டையே சிரிக்கவைத்த மனுஷனுக்குள் இருந்தது இதுதான் என்று புரிந்தது. மருந்துக்கு முன்னால் பொய் சொல்ல யாராலும் முடியாது.

இனி மஞ்சளும் விழும் என்று நினைத்தேன். பிடித்து நடக்க ஆள் இல்லையே. மஞ்சள் ஆடியது, நின்றது. பிறகு, அடேயப்பா, அது தானாக ஏறி இறங்கத் தொடங்கியது. தடுமாற்றம் இல்லை. பழக்கப்பட்ட படியில் இறங்குகிறவர்கள் இருட்டிலும் கால் வைப்பார்களே, அந்த நிதானம். மஞ்சள் முன்னால் போனது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"மேடம், நிறுத்திரலாங்களா?" என்றாள் சுகிர்தா.

நிறுத்த வேண்டும். விதி அதுதான், வடக்கத்திப் பெண்ணுக்கு ஆனபிறகு நாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்ட விதி. நிறுத்தினால் இவன் பிழைத்துக்கொள்வான், ஆனால் இப்போது தெரிந்துவிட்ட அந்தத் தட்டைக் கோட்டோடு. அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பாதியில் நின்றவர்களுக்கு ஆஸ்பத்திரியின் துணைச்சொட்டுக் குழு மறுபடி அனுமதி கொடுப்பதில்லை. இரண்டு பேரும் அதே வீட்டுக்கு, ஒருவருக்கொருவர் தெரியாத இருட்டோடு திரும்பிப் போவார்கள். நிறுத்தாவிட்டால் இருவரையும் சேர்த்துக் கொன்றவளாகவும் ஆகலாம். என் கை சொட்டுக் குழாயின் திருகில் இருந்தது.

அப்போதுதான் சேலை அசைந்தது.

அந்த மருந்தில் இருப்பவர்கள் கையைக் காலை நினைத்தபடி அசைக்க மாட்டார்கள். உடம்பு எங்கேயோ கிடக்கும், அவர்கள் எங்கேயோ இருப்பார்கள். கோகிலாவின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. பட்டு அவள் முஷ்டிக்குள் இழுபட்டது. கட்டில்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்த சேலை மெல்ல மெல்ல மேலே வந்து விறைத்தது. நவநீதனின் மணிக்கட்டு மெத்தையை விட்டு எழும்பியது. திரையைப் பார்த்தேன். தட்டையாகக் கிடந்த நீலத்தில் ஒரு சின்ன மேடு. மறுபடி இழுத்தாள், மறுபடி ஒரு மேடு. மஞ்சள் ஏறும்போது நீலம் ஏறப் பார்த்தது.

திருகிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

ஓரிடத்தில் மஞ்சள் சட்டென்று தயங்கியது. அவள் விரல்கள் தளர்ந்தன, சேலை நழுவியது, நீலம் உடனே கீழே போனது. திருகைத் தேடி என் கை மறுபடி போனது. பிறகு அவள் கை தேடித் துழாவிச் சேலையைப் பிடித்தது. இந்த முறை வெறுமனே பிடிக்கவில்லை. மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றித் தன் கையிலேயே அதைச் சுற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு கோடும் ஒன்றாக ஏறின. எது முன்னால், எது பின்னால் என்று பெட்டிக்கே தெரியவில்லை, சிவப்பு விளக்கு தானாக அணைந்தது. நான் வேதக்கோவிலில் வளர்ந்தவள். ஜெபத்தில் முழங்கால் போடுவது பழக்கம்தான், ஆனால் உள்ளே ஒன்றும் தோன்றாமலேயே போட்டுக்கொண்டிருந்தேன். அன்று அந்த ஏ.சி. அறையில், இரண்டு கட்டிலுக்கு நடுவே, நிஜமாகவே முழங்கால் போடத் தோன்றியது.

நவநீதன்தான் முதலில் விழித்தான். விழித்ததும் அழுதான். பொண்டாட்டி செத்தபோது அழாதவன் வயிறு குலுங்க அழுதான். அவனுக்குத் துணையாயிருந்த வாயாடித்தனம் எதுவும் மிச்சமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. இந்துமதி போன நாளிலிருந்தே அவனுக்குள் ஒன்றுமில்லையாம். ஸ்டியரிங் பிடிக்கும்போது சும்மா கை மட்டும் ஓட்டுமாம். சொன்னால் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள், தங்கைக்கு யார் சோறாக்குவது என்று மூடி வைத்திருக்கிறான். தங்கையை எழுப்பி உட்காரவைத்துவிட்டால் தன் வேலை முடிந்தது, பிறகு போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் வந்து படுத்திருக்கிறான்.

"ஒரு ஊட்டுல ஒருத்தருக்குத்தானுங்க படுக்க எடமிருக்குது. அம்மிணி மொதல்லயே படுத்துக்கிச்சு" என்றான்.

பக்கத்துக் கட்டிலில் கோகிலா கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் சுற்றியிருந்த சேலையை அவள் அவிழ்க்கவில்லை.

குழு என்னைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தது. விதியை மீறியதற்காக அந்த அறைக்குள் போகக் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். நானும் விடவில்லை. திடமானவரைத்தான் முன்னால் விட வேண்டும் என்று யார் முடிவு செய்தது, திடமானவர் யார் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், சிரிப்பை வைத்தா என்று கேட்டேன். அன்றைய பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். நவநீதனையும் நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். டெப்போவில் பஸ்ஸிலிருந்து இறக்கி, பஸ் போய்வரும் நேரம் குறிக்கும் டைம் ஆபீஸில் உட்காரவைத்தார்கள். அவன் பயந்ததுபோல் உலகம் இடிந்துவிடவில்லை.

மாதங்கள் கழித்து இருவரும் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். கோகிலா தலை வாரிப் பூ வைத்திருந்தாள். அண்ணன் உள்ளே போனபிறகு அவளைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன். ரொம்ப நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். உள்ளே என்னதான்மா நடந்தது?

அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "எப்பவும் நான் இருக்கற எடந்தானுங்க. வெளிச்சமில்லாத எடம். அங்க அண்ணன் நின்னுட்டு இருந்துச்சு. அண்ணனுக்கு எந்தப் பக்கம் காலு வெக்கறதுன்னே தெரியல. பாவம், அது புதுசுங்க. நான் மூணு வருசமா குடியிருந்தவ. எனக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும்."

டாக்டர்களுக்குத் தெரியாத அந்த இடத்தின் வழி இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணனை அங்கே பார்த்ததும் திடுக்கிட்டிருப்பாயே என்றேன்.

"இல்லீங்க, அது அங்க இருக்கும்னு தெரிஞ்சுதான் போனேன். தெனமும் எனக்குச் சோறு போட்டுட்டு, 'நான் கடையில சாப்பிட்டுட்டேன் அம்மிணி'ங்கும். அதே பொய்யத்தானுங்களே நான் அதுக்கிட்ட சொல்லீட்டு இருந்தேன். எனக்குத் தெரியாதுங்களா? யாருகிட்டச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க, நாந்தான் கிறுக்கியாச்சே. அதான் சித்தி வேண்டாம்னு சொன்னேன். அண்ணன்னு சொன்னதும் சரின்னேன்."

அப்படியென்றால் நீ குணமாவதற்காக வரவில்லையா என்று கேட்டேன்.

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். "அண்ணனை இழுத்து மேல போட்டுட்டு, நான் அங்கயே இருந்துக்கலாம்னுதானுங்க வந்தேன். அதுக்குத்தான் அண்ணன் கையில முடிச்சுப் போட்டுட்டு, எம்பக்கம் கட்டாம வெச்சிருந்தேன். மேல வந்ததும் விட்டுரலாம்னு."

"விட்டியா?"

"விட்டனுங்க. ஒரு தடவை விட்டேன். விட்டதும் அண்ணன் திரும்பி எம்பின்னாலயே கீழ எறங்குச்சு."

டைம் ஆபீஸ்காரன் நவநீதன் அதற்குள் வெளியே வந்து எங்களைத் தேடிக்கொண்டிருந்தான். கோகிலா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து அவனைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"அப்புறம் என்ன பண்றதுங்க? நானும் மேல வந்தாத்தான் அது வரும்னு தெரிஞ்சுபோச்சு. சேலைய எங்கையில சுத்திக்கிட்டேன்."